குவின்ரி விரிகுடாவில் பிக்கரல் பிடிக்க: முதல் வருடக்காரர்களுக்கு ஒரு மாதவாரி வழிகாட்டி

முதல் வருடம் ஸ்காபரோவிலிருந்து ஏழு தடவை போனேன். போக 170 கிலோமீற்றர், வர 170 கிலோமீற்றர். கையில் கிடைத்தது ஒரே ஒரு பிக்கரல். நான் பிடித்த மற்றவை எல்லாம் நான் தேடிப் போகாத மீன்கள். ஒரு தடவை வனவளச் சட்ட அதிகாரி வந்து எங்கள் மீன்பிடிப் பத்திரங்களைக் கேட்டபோது, பக்கத்தில் தூண்டிலோடு நின்ற என் மச்சானிடம் ஒன்றும் இல்லை. அவர் 'சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன்' என்றார். சும்மா பிடித்தாலும் பத்திரம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிக்கரல் என்று ஒன்ராறியோவில் சொல்லும் மீனைத்தான் அமெரிக்கக் காணொளிகளில் 'வால்ஐ' என்கிறார்கள். இரண்டும் ஒன்றே. இந்தப் பெயர்க் குழப்பத்திலேயே நான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன். வெள்ளைச் சதை, முள் குறைவு, வாசம் மென்மை. புளிக்குழம்பில் போட்டால் காணாமல் போய்விடும். சொதிக்கும் பொரியலுக்கும் இதை விஞ்ச இங்கே நன்னீர் மீன் இல்லை என்பது என் கட்சி.

ஒன்ராறியோ ஏரியின் வடகரையில், ட்ரென்ரன் நகரிலிருந்து பெல்வில், டெசரொன்ரோ, பிக்ரன் வழியாக 'இசட்' எழுத்து வடிவில் வளைந்து போகிறது குவின்ரி விரிகுடா. ரொறன்ரோவிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வையுங்கள்: இந்த மீன் வருடம் முழுவதும் நடமாடிக்கொண்டே இருக்கிறது. மே மாதத்தில் மீன் பிடித்த இடத்தில் ஆகஸ்டிலும் போய் நிற்பவர் காற்று வாங்கிவிட்டு வருவார். என் ஏழு பயணங்களில் ஐந்து அப்படித்தான் போயின.

1. பத்திரங்கள்: தூண்டில் வாங்கும் முன் இதை முடியுங்கள்

18 முதல் 64 வயது வரையுள்ள எல்லோருக்கும் இரண்டு பொருட்கள் தேவை. ஒன்று அவுட்டோர்ஸ் கார்ட். விலை 8.57 டொலர், மூன்று வருடம் செல்லும். மற்றது மீன்பிடி அனுமதிப்பத்திரம். இதில் இரண்டு வகை உண்டு. ஸ்போர்ட் வகைக்கு வருடத்துக்கு 26.57 டொலர், கொன்சர்வேஷன் வகைக்கு 15.07 டொலர். வரி தனி. இவை நான் கட்டிய தொகைகள்; கட்டும் நாளில் அரசாங்க இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் என்னவென்றால், நீங்கள் வைத்துக்கொள்ளக்கூடிய மீனின் எண்ணிக்கை. இந்த விரிகுடாவில் ஸ்போர்ட் பத்திரத்துக்கு நான்கு பிக்கரல், கொன்சர்வேஷன் பத்திரத்துக்கு இரண்டு. முதல் வருடம் மலிவானதையே வாங்குங்கள். கடைக்காரர் மற்றதை எடுக்கச் சொல்லலாம். முதல் வருடத்தில் மூன்றாவது பிக்கரலுக்கு இடம் போதவில்லை என்று கவலைப்பட்ட எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஒரு நாள் பத்திரமும் உண்டு, 12.21 டொலர், அதற்குக் கார்ட் தேவையில்லை. ஊரிலிருந்து வந்த உறவினருக்கு அதை வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த விலை ஒன்ராறியோவில் வசிப்பவர்களுக்கு மட்டும். இங்கே பார்க்கப்படுவது குடியுரிமை அல்ல, வசிப்பிடம்: கடந்த 12 மாதங்களில் தொடர்ந்து ஆறு மாதம் ஒன்ராறியோவில் இருந்திருக்க வேண்டும். புதிதாக வந்து இறங்கி மூன்று மாதமே ஆனவர்கள் இந்த இடத்தில்தான் தவறான பெட்டியை அழுத்திவிடுகிறார்கள். ஆறு மாதம் ஆகவில்லை என்றால் வெளிநாட்டவருக்கான கட்டணம் மிகக் கூடுதல். அவசரமில்லையென்றால் காத்திருப்பதே நல்லது.

18 வயதுக்குக் கீழும் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள கனடா வாசிகள் பத்திரம் வாங்க வேண்டியதில்லை. பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரசாங்க அடையாள அட்டையை வைத்திருந்தால் போதும். அப்பாவை அழைத்துப் போகும்போது அவருடைய சுகாதார அட்டையை வீட்டு அலுமாரியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இணையத்தில் வாங்கினால் பத்து நிமிடம். பணம் கட்டியதும் கிடைக்கும் விபரத் தாளை அச்சிட்டோ கைப்பேசியில் சேமித்தோ அன்றைக்கே மீன் பிடிக்கப் போகலாம். அட்டை தபாலில் வரச் சில வாரம் ஆகும். கரையோரத்தில் பல இடங்களில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்காது, அதனால் படமாகச் சேமியுங்கள்.

காசே செலவழிக்காமல் ஒருமுறை முயன்று பார்க்க விரும்புகிறீர்களா? பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதி, மே மாதம் அன்னையர் தின வார இறுதி, ஜூனில் தந்தையர் தின வார இறுதி, ஜூலைத் தொடக்கத்தை ஒட்டிய ஒரு வாரம் ஆகியவற்றில் கனடா வாசிகள் பத்திரம் இல்லாமல் பிடிக்கலாம். அடையாள அட்டை வேண்டும். மீனின் எண்ணிக்கைக்குக் கொன்சர்வேஷன் அளவுதான்.

2. நாட்காட்டியில் சிவப்புக் கோடு போடுங்கள்

குவின்ரி விரிகுடா, மாகாணத்தின் 20ஆம் இலக்க மீன்வள வலயத்தில் வருகிறது. வருடாவருடம் வெளிவரும் சட்டச் சுருக்கப் புத்தகம் இலவசம். அதில் 20ஆம் வலயத்தின் பக்கத்தை மட்டும் படித்தால் போதும். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் பிக்கரலுக்கு மூடல். மே மாதத்தின் முதல் சனிக்கிழமை திறக்கும்.

மூடிய காலத்தில் 'பிடித்துவிட்டு விட்டுவிடுவேன்' என்பது சமாதானம் ஆகாது. அந்த மீனைக் குறிவைப்பதே குற்றம். வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் தற்செயலாக மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும்.

திறந்த காலத்திலும் சில ஆற்று முகங்கள் வசந்தத்தில் மீன் சரணாலயங்களாகப் பூட்டப்பட்டிருக்கும். முட்டையிட மீன் அங்கேதான் ஏறுகிறது. பலகையைப் பார்க்காமல் பாலத்தடியில் நிற்காதீர்கள்.

நீளம்: வைத்துக்கொள்ளும் மீன்களில் 63 சென்ரிமீற்றருக்கு மேல் ஒன்றுதான் இருக்கலாம். அளவு நாடா தூண்டிலைப் போலவே கட்டாயம். எண்ணிக்கை வரம்பில் ஒரு பெரிய பொறி உண்டு: வீட்டுக் குளிரூட்டியில் உறைந்து கிடக்கும் மீனும் கணக்கில் சேரும். போன வாரம் பிடித்த இரண்டு இன்னும் வீட்டில் இருந்தால், கொன்சர்வேஷன் பத்திரக்காரர் இந்த வாரம் ஒன்றும் கொண்டுவர முடியாது. முதலில் சாப்பிட்டு முடியுங்கள்.

கரையில் ஒருவருக்கு ஒரு தூண்டில்தான். ஊரில் வரிசையாக நான்கைக் குத்திவிட்டு மரத்தடியில் இருந்த பழக்கம் இங்கே ஆகாது.

3. சாமான்: 150 டொலருக்குள் நிறுத்துங்கள்

என் முதல் கடைச் செலவு 400 டொலரைத் தாண்டியது. பாதிக்கு மேல் இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. உங்களுக்குத் தேவை இவ்வளவுதான்: ஏழு அடி நீள, நடுத்தரத்துக்குச் சற்று மெலிந்த ஒரு கோல், 2500 அளவு ரீல், பத்து இறாத்தல் பின்னல் நூல், அதன் நுனியில் ஒரு மீற்றர் நீளத்துக்கு எட்டு அல்லது பத்து இறாத்தல் தெளிந்த தங்கூசி. கோலும் ரீலும் சேர்ந்த தொகுப்பு 80 டொலரிலிருந்து கிடைக்கும். மீதிக் காசுக்கு ஜிக் எனப்படும் ஈயத்தலை முட்கள் (எட்டில் ஒரு அவுன்ஸ் முதல் எட்டில் மூன்று அவுன்ஸ் வரை), வால் சுருண்ட மென்பிளாஸ்ரிக் புழுக்கள், சிறுமீன் வடிவத் துடுப்பு இரைகள் இரண்டு, நீண்ட மூக்குக் குறடு, கைவலை.

கம்பி நுனியை வாங்கச் சொல்வார்கள். வேண்டாம். பைக் மீனுக்கு அது தேவை. பிக்கரல் கம்பியைக் கண்டால் விலகிப் போகிறது.

கைவலையை மிச்சம் பிடிக்காதீர்கள். கரைக்கு வந்த மீனை நூலால் தூக்கி இரண்டு தடவை இழந்தேன். முதுகுச் செட்டை முள்ளாக நிற்கும், செவுள் மூடியின் ஓரம் சவர அலகுபோல வெட்டும், வாயில் பல்லும் உண்டு. வெறுங்கையால் செவுளுக்குள் விரல் விடுபவர் மறுநாள் வேலைக்குக் கட்டோடு போவார்.

4. இரை: பற்றுச்சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்

மாகாணம் இரை வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இரை மீனையும் அட்டைப் பூச்சியையும், உயிரோடோ செத்தோ, ஒரு வலயத்திலிருந்து மற்றதுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆகவே வேறு வலயத்திலிருந்து வருபவர்கள் அங்கே வாங்கிக்கொண்டு புறப்படாதீர்கள். ட்ரென்ரனிலோ பெல்விலிலோ வாங்குங்கள். பற்றுச்சீட்டைப் பையில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் பாவித்து முடியுங்கள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், ஏரியிலும் கொட்ட வேண்டாம். நீர்க்கரையிலிருந்து 30 மீற்றருக்குள் இரை வாளியைக் கவிழ்ப்பதே குற்றம். குப்பைத் தொட்டிதான் அதற்கு இடம்.

5. மே, ஜூன் தொடக்கம்: கரையிலிருந்து பிடிக்க ஏற்ற காலம்

படகில்லாதவர்களுக்கு வருடத்தில் இதைவிட நல்ல காலம் இல்லை. ஏப்ரலில் ட்ரென்ட், மொய்ரா, சால்மன், நப்பனி ஆறுகளில் முட்டையிட ஏறிய மீன்கள் இறங்கி, ஆற்று முகங்களைச் சுற்றியே சில வாரம் திரிகின்றன. பெரிய பெண் மீன்கள் முதலில் விலகிப் போய்விடும். அளவான ஆண் மீன்கள் நிற்கும். சமையலுக்கு அவைதான் ருசி.

திறக்கும் சனிக்கிழமை ட்ரென்ரன் பக்கம் படகுகள் தேர்த்திருவிழா போல நெருங்கி நிற்கும். அன்றைக்குப் போகாதீர்கள். அடுத்த வாரம் செவ்வாய் அல்லது புதன் மாலை வேலை முடிந்து புறப்பட்டாலும் வெளிச்சம் மங்கும் நேரத்துக்குப் பெல்வில் கரையில் நிற்கலாம்.

நேரம் ஏன் முக்கியம்? பிக்கரலின் கண்ணுக்குள் பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் உண்டு, பூனைக் கண் மாதிரி. மங்கலில் இரை மீனுக்குக் கண் தெரியாது, இதற்குத் தெரியும். நண்பகல் வெயிலில் ஆழத்திலோ செடி நிழலிலோ அசையாமல் கிடக்கும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பிருந்து, மறைந்த பின் ஒரு மணி நேரம் வரை: அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் பெற்றோல் செலவழிக்கிறீர்கள். நான் முதல் வருடம் காலை பத்து மணிக்கு வந்து, மாலை ஐந்துக்கு நெடுஞ்சாலை நெரிசலுக்கு முன் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

முறை எளிது. கால் அவுன்ஸ் ஜிக்கில் மென்பிளாஸ்ரிக்கையோ சிறுமீனையோ கோத்து எறியுங்கள். அடியைத் தொடும்வரை விடுங்கள். கோலை ஒரு சாண் உயர்த்துங்கள், மறுபடி இறங்க விடுங்கள், நூலின் தளர்வைச் சுற்றுங்கள். தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும், மீன் ஓடி வந்து கடிக்காது. நீங்கள் நினைப்பதைவிட இன்னும் மெதுவாக. கடி என்பது பெரும்பாலும் இழுப்பாக வராது. ஈரத்துணி மாட்டியதுபோல ஒரு பாரம் வரும், அவ்வளவுதான். அதை நீர்ச்செடி என்று நினைத்து நான் விட்டவை எத்தனையோ.

காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் கரையைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் அலை அடித்துக் கலங்கிய நீரில் வெளிச்சம் குறைகிறது, சிறுமீன்களும் அந்தப் பக்கம் ஒதுங்குகின்றன. கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பது என்று நாம் வசையாகச் சொல்வது இங்கே முதல்தர உத்தி.

பிடித்தது பிக்கரல்தானா என்று பாருங்கள். வாலின் கீழ் நுனியில் வெள்ளைப் பொட்டு, பொன்னிறப் பக்கம், கண்ணாடிக் கண். சாம்பல் நிறத்தில் கூனல் முதுகோடு வந்து கையை உடைப்பதுபோல இழுத்தால் அது நன்னீர் ட்ரம் மீன். என் முதல் வருடத்து 'பெரிய பிக்கரல்' படங்கள் எல்லாம் அதுதான்.

ஷானன்வில்லுக்கும் டெசரொன்ரோவுக்கும் இடைப்பட்ட கரை தையெண்டினாகா மோகாக் மக்களின் நிலம். பொதுப் பூங்கா என்று நினைத்து வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். அவர்கள் அனுமதி வேண்டும்.

6. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட்: செடியோரம், அல்லது இரவு

இந்தக் காலத்தில் பெரிய மீன்கள் பெரும்பாலும் ஏரியின் திறந்த பகுதிக்குப் போய்விடும். மேல் விரிகுடாவில் (ட்ரென்ரன் முதல் டெசரொன்ரோ வரையான பகுதியில்) மிஞ்சுபவை நீர்ச்செடி விளிம்புகளில் இருக்கும், இரண்டு முதல் நான்கு மீற்றர் ஆழத்தில். வரிக்குதிரைச் சிப்பிகள் பெருகியதிலிருந்து இந்த நீர் தெளிந்துவிட்டது. வெளிச்சம் அடிவரை போகிறது, செடிகளும் அடர்ந்துவிட்டன. அதனால் பகலில் கரையில் நிற்பது வீண். ஒன்று படகு, அல்லது இரவு.

படகு வாடகைக்கு எடுக்கலாம். மோட்டார் படகை ஓட்டுபவருக்குப் படகோட்டித் தகுதி அட்டை வேண்டும். இணையப் பரீட்சைதான், எனக்கு ஏறத்தாழ 50 டொலரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செலவாயின, ஆயுள் முழுக்கச் செல்லும். அட்டை இல்லாதவருக்கு வாடகைக்காரர் பாதுகாப்பு விளக்கம் கொடுத்து நிரப்பித் தரும் படிவம், அந்த வாடகைக் காலத்துக்கு மட்டும் செல்லும். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி கட்டாயம். குழந்தையின் அளவுக்கு இருக்கிறதா என்று கரையிலேயே போட்டுப் பாருங்கள்.

சுழலும் தகடும் மணிகளும் கோத்த கொக்கியில் பெரிய மண்புழுவை மாட்டி, அடியைத் தட்டிப் போகும் ஈயக் கம்பியோடு, செடி விளிம்பை ஒட்டி மணிக்கு இரண்டு கிலோமீற்றர் வேகத்தில் இழுத்துச் செல்லுங்கள். நடப்பதைவிட மெதுவாக. செடி சிக்கினால் நல்லது, சரியான இடத்தில் இருக்கிறீர்கள். சிக்கவேயில்லை என்றால் இன்னும் உள்ளே போங்கள். காற்றே இல்லாத நாளில் தக்கைக்குக் கீழே ஓர் அட்டைப் பூச்சியைத் தொங்கவிட்டுச் செடியின் இடைவெளிகளில் நிறுத்துவது இதைவிடச் சிறந்தது.

7. ஒக்டோபர், நவம்பர்: பெரிய மீன், பெரிய செலவு

ஏரிக்குப் போன பெரிய மீன்கள் இரை மீன் கூட்டங்களைத் தொடர்ந்து திரும்பி வரும். பிக்ரன், க்ளெனோரா, அடொல்பஸ் ரீச் பகுதிகளில் பத்து இறாத்தலைத் தாண்டும் மீனுக்காக அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நீர் ஆழம், மீன் நடுநீரில் மிதந்து திரியும், நீண்ட இரைகளைப் பலகை கட்டிப் படகின் பக்கவாட்டில் விலக்கி இழுக்க வேண்டும். இது கரையிலிருந்தோ சின்னப் படகிலோ புதியவர் செய்யும் வேலை அல்ல. நவம்பர் நீரில் விழுந்தால் சில நிமிடங்களில் கை கால் வேலை செய்யாது. வழிகாட்டியோடு போங்கள். நாங்கள் நால்வர் சேர்ந்து எடுத்தபோது தலைக்கு ஏறத்தாழ 200 டொலர் வந்தது.

பத்து மீற்றருக்குக் கீழிருந்து மேலே வரும் மீனின் காற்றுப்பை வீங்கிவிடும். விட்டாலும் பல பிழைக்காது. எனவே ஆழத்தில் அளவு நிறைந்ததும் தூண்டிலை மடக்குங்கள், 'விளையாட்டுக்கு' இன்னும் நாலு பிடிக்காதீர்கள்.

இன்னொன்று: பெரிய மீனில் பாதரசம் கூடுதல். எந்த நீர்நிலையில் எந்த நீள மீனை மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று மாகாண அரசு அட்டவணை வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் தனி வரிசை உண்டு. 45 சென்ரிமீற்றர் மீன் கிடைத்த நாளில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். 70 சென்ரிமீற்றர் மீனைப் படம் எடுத்துக்கொண்டதோடு சரி.

8. ஜனவரி, பெப்ரவரி: பனிக்கட்டி மேல்

தெளிந்த, நீல நிறப் பனிக்கட்டி குறைந்தது 10 சென்ரிமீற்றர் இருந்தால் ஆள் நடக்கலாம் என்பார்கள். நான் 15க்குக் குறைந்தால் காலை வைப்பதில்லை. வெள்ளையாக நுரைத்த பனிக்கட்டியின் பலம் பாதிதான், ஆகவே இரட்டிப்புத் தடிப்பு வேண்டும். பாலத்தடி, ஆற்று முகம், ஒடுங்கிய நீர்வழி: நீரோட்டம் உள்ள இந்த இடங்களில் பக்கத்தில் வண்டியே நின்றாலும் நம்பாதீர்கள்.

முதல் தடவை கொட்டில் வாடகைக்கு விடுபவரிடம் போங்கள். ஏற்றிப் போய், துளை போட்டு, அடுப்பு மூட்டிய கொட்டிலில் இறக்கிவிடுவார்கள். நாங்கள் தலைக்கு 90 டொலர் கொடுத்தோம். வார இறுதிக்கு மூன்று நான்கு வாரம் முன்னரே பதியுங்கள். மென்குளிர் வருடங்களில் பனிக்கட்டி உருவாகாமல் கடைசி நேரத்தில் ரத்தாகும். முற்பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு ஒருமுறை திரும்பவில்லை.

சொந்தத் துணிக்கூடாரம் என்றால் ஏழு சதுர மீற்றருக்குள் இருந்தால் பதிவு எண் தேவையில்லை. உலோகத் தகட்டு இரையில் சிறுமீனின் தலையைக் கோத்து, அடியிலிருந்து ஒரு முழம் மேலே நிறுத்தி, இரண்டு தட்டு, அரை நிமிடம் அசையாமை. கடி அந்த அசையாமையில்தான் வரும்.

9. வீட்டுக்குக் கொண்டுவருதல்

கரையிலேயே வெட்டித் தோலுரித்துப் பையில் போட்டுவிட்டால் வீடு நாறாது என்று மனைவி சொல்வார். செய்யாதீர்கள். வழியில் அதிகாரி நிறுத்தினால் என்ன மீன், எத்தனை, எவ்வளவு நீளம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். முழு மீனாக, ஐஸ் பெட்டியில், ஒன்றன்மேல் ஒன்றாக உறையவிடாமல் கொண்டுவாருங்கள். யார் பிடித்தது எது என்று கேட்டால் ஒவ்வொருவரும் தங்கள் மீனைக் காட்ட முடிய வேண்டும்; ஒருவர் பிடித்துக் குவித்துவிட்டு எல்லோர் பெயரிலும் பங்கு வைப்பது நடக்காது.

கேட்கிற கடைக்காரருக்கு விற்கவும் கூடாது, அரிசி மூட்டைக்கு மாற்றவும் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே வெட்டுங்கள். செதில் சின்னது, கத்தியின் முதுகால் தண்ணீருக்குள் வைத்துச் சுரண்டினால் சமையலறைச் சுவரெல்லாம் ஒட்டாது. தலையை எறியாதீர்கள், செவுள் மூடிக்கு முன்னால் கன்னத்தில் இரண்டு கட்டிச் சதை இருக்கிறது, சொதி கொதித்து இறக்கும்போது கடைசியாக அதைப் போடுங்கள்.